கதை உனக்கு, கால் எனக்கு

பாட்டிகளுக்கு இது பொற்காலம். உயிரோடு இருக்கிற பாட்டிகளைச் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்தவர்களைச் சொல்கிறேன். பருப்புப்பொடிப் பாக்கெட்டில் அவர்கள் படம் இருக்கிறது. கூந்தல் தைலப் புட்டியில் அவர்கள் சிரிக்கிறார்கள். ‘பாட்டி கைப்பக்குவம்’ என்று பலகை மாட்டிய கடையில் அரும்புமீசைப் பையன் ஒருவன் குழம்பைக் கிண்டுகிறான். வாசலில் வரிசை நிற்கிறது. வீட்டில் உயிரோடு இருக்கிற பாட்டி ரசத்துக்கு மிளகைக் கொஞ்சம் தூக்கலாகத் தட்டிப் போட்டால், “டாக்டர் என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா?” என்ற கேள்வியோடு அடுப்படியிலிருந்து வெளியேற்றப்படுகிறார்.

என் பாட்டிகள் புழங்கிய சாமான்களுக்கெல்லாம் அரசாங்கமே முத்திரை குத்திவிட்டது. மதுரையில் அம்மாச்சி தொடுத்துக்கொண்டிருந்த மல்லிகைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பத்தா நல்ல நாளுக்கு உடுத்திய கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல். அவள் அம்மியில் வைத்து நசுக்கிய முண்டு மிளகாய்க்கு 2023-ல். இரண்டு கிழவிகளின் வாய்க்கு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. காரம் போதாது என்று அதிகாரிகள் மறுத்திருக்க வாய்ப்பில்லை; யாரும் விண்ணப்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் குடியிருக்கும் சென்னை அடுக்ககத்தில் போன கோடை விடுமுறையில் ‘பாட்டி சொன்ன கதைகள்’ என்று ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். தலைக்கு முந்நூறு ரூபாய். கதை சொல்ல வந்தவர் முப்பது வயதைத் தாண்டாத பெண். நல்ல குரல், கையில் துணிப் பொம்மை, காதோரம் மைக். பிள்ளைகள் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அதே பிள்ளைகளின் சொந்தப் பாட்டிகள். பேரப்பிள்ளைகளின் தண்ணீர்ப் புட்டிகளை மடியில் வைத்துக்கொண்டிருப்பது அவர்கள் பொறுப்பு.

வடை சுட்ட பாட்டி வந்தாள், காக்கா தூக்கியது, நரி பாடச் சொன்னது. எல்லாம் முறைப்படி நடந்தது. முடிந்ததும் அந்தப் பெண் கேட்டார்: “இந்தக் கதையிலிருந்து நாம என்ன கத்துக்கிட்டோம்?” ஒரு பையன் எழுந்து, “வடையை மூடி வைக்கணும்” என்றான். கைதட்டல். எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த திருநெல்வேலிப் பாட்டி மெல்லச் சாய்ந்து, “கதன்னா ‘ம்’ கொட்டிக் கேக்கணும்லா? இங்க பரீச்சைல்லா வைக்காவ” என்றார்.

அந்த ‘ம்’ எனக்குப் பழக்கம். என் தொழிலே அதில்தான் தொடங்கியது.

அப்பத்தா ஊர் மானாமதுரைக்குப் பக்கத்தில், வைகைக் கரையில். வைகை என்றால் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் முற்றத்தில் அரிக்கேன் விளக்கைத் தணித்து வைத்துவிட்டு, வெற்றிலையை உரலில் இடித்தபடி கதையைத் தொடங்குவாள். காதில் தண்டட்டி ஆடும். கேட்கிறவன் ‘ம்’ கொட்ட வேண்டும். தொடர்ந்து இரண்டு ‘ம்’ தவறினால் கதை நின்றுவிடும். மரியாதைக்காகக் கேட்ட ‘ம்’ அல்ல அது. இருட்டில் முகம் தெரியாது. கேட்கிறவனின் நாடியை அவள் அதை வைத்துத்தான் பிடித்தாள். பயந்த ‘ம்’, தூக்கத்து ‘ம்’, கேட்காமலே கேட்டதாகக் காட்டும் கள்ள ‘ம்’ எல்லாம் அவளுக்குப் பிரித்துத் தெரியும். சலித்த ‘ம்’ ஒன்று விழுந்தால் போதும், அடுத்த வரியில் கதைக்குள் ஒரு பாம்பு வந்துவிடும். அதற்கு முன்னால் அந்தக் கதையில் பாம்புக்கு வேலையே இருந்திருக்காது.

பிற்காலத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். ஏழாவது வாரம் ஆசிரியர் கூப்பிட்டு, “கடிதங்கள் குறையுது” என்றார். எட்டாவது வாரம் பாம்பை விட்டேன். கடிதங்கள் வந்தன. ‘எதிர்பாராத திருப்பம்’ என்று அதில் ஒருவர் பாராட்டியிருந்தார். அப்பத்தாவுக்கு அது எதிர்பார்த்த பாம்புதான்.

இப்போது நான் எழுதுவதற்கு யாரும் ‘ம்’ கொட்டுவதில்லை; கட்டைவிரலை உயர்த்துகிறார்கள். படித்துவிட்டு உயர்த்தியதா, படிக்காமல் உயர்த்தியதா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அப்பத்தாவும் கட்டைவிரலை உயர்த்தியவள்தான். மாதம் 20 ரூபாய் என்று 1962-ல் தொடங்கிய முதியோர் பென்ஷனைத் தபால்காரர் கொண்டுவரும்போது, மை தடவிக்கொள்வதற்காக. கைநாட்டு என்று அப்போது அதற்குப் பெயர். வெட்கப்பட வேண்டிய விஷயம்.

அவளிடம் இன்னொரு வித்தை இருந்தது. அதிசயத்தை அதிசயமாகச் சொல்ல மாட்டாள். “கம்மாக்கரையில வந்துக்கிட்டிருந்தேன். முனி எதுக்க வந்து சுருட்டுக்கு நெருப்புக் கேட்டுச்சு. இல்லப்பான்னுட்டேன். போயிருச்சு.” அவ்வளவுதான். கண்ணை உருட்டுவது, குரலைத் தாழ்த்துவது, ‘நம்ப மாட்டே’ என்று பீடிகை போடுவது எதுவும் கிடையாது. சந்தையில் மிளகாய் என்ன விலைக்குப் போனது என்று சொல்கிற அதே முகம். அதனால்தான் நம்பினோம். நெருப்புக் கிடைக்காமல் முனி என்ன செய்திருக்கும் என்ற கவலையில் நான் தூங்காமல் கிடந்த ராத்திரிகள் உண்டு.

வளர்ந்து, சிறுபத்திரிகைகள் பக்கம் ஒதுங்கிய காலத்தில் எல்லோர் வாயிலும் மார்க்கெஸ் இருந்தார். 1982-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபின் ‘மாய யதார்த்தவாதம்’ என்று சொல்லத் தெரியாதவனுக்கு இலக்கியக் கூட்டத்தில் தேநீர்கூடக் கிடைக்காத நிலைமை வந்தது. கோவில்பட்டியிலிருந்து கோணங்கி நடத்திய ‘கல்குதிரை’ மார்க்கெஸுக்குச் சிறப்பிதழே கொண்டுவந்தது. நாங்களும் விழுந்து விழுந்து படித்தோம். அந்த மனுஷரோ தன் பேட்டிகளில் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். 1967-ல் வெளியான அந்தப் பெரிய நாவலுக்குரிய குரல் தனக்கு நெடுங்காலம் பிடிபடவில்லை என்றும், கடைசியில் அது தன் பாட்டி கதை சொன்ன விதத்திலிருந்து வந்தது என்றும். நடக்கவே முடியாத சங்கதிகளைக்கூட முகம் மாறாமல் சொல்வாளாம் அந்தப் பாட்டி. பெயர் டிராங்கிலினா இகுவாரன்; ஊர் கொலம்பியாவில் அரகாடகா.

ஆக, மானாமதுரையில் கிடைத்த சரக்கு கடல் சுற்றி, ஸ்பானிய மொழியில் அச்சாகி, ஆங்கிலத்தில் மாறி, தமிழில் சிறப்பிதழாகி என் கைக்கு வந்து சேர்ந்தது. இறக்குமதிச் சரக்கென்றால் மதிப்பே தனி. இத்தனைக்கும் 1976-லேயே கி. ராஜநாராயணன் ‘கோபல்ல கிராம’த்தில் மங்கத்தாயாரு அம்மாள் என்ற பூட்டியை உட்கார வைத்து, ஒரு ஜனம் தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி ஓடிவந்த கதையை அவள் வாயாலேயே சொல்ல வைத்திருந்தார். அவருடைய இடைசெவல் எங்களுக்கு அரைநாள் பஸ் பயணத்தில் இருந்தது. அரகாடகாவுக்கு விசாவே வேண்டும். அதனால்தான் அதை முதலில் படித்தோம் போலிருக்கிறது.

நா. வானமாமலை போன்றவர்கள் 1960-களிலேயே நாட்டுப்பாடல்களைத் திரட்டி அச்சுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த அலை எங்கள் ஊரை வந்து தொடக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. 80-களின் தொடக்கத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவர் டேப் ரெக்கார்டரோடு அப்பத்தாவிடம் வந்தார். தாலாட்டு பாடினாள். நடவுப் பாட்டு பாடினாள். அடுத்து ஒப்பாரி கேட்டார்.

“யாரு செத்தது?” என்றாள் அப்பத்தா.

“யாரும் சாகலை பாட்டி. சும்மா பதிவுக்கு.”

“வெளக்கு ஏத்துற வீட்டுல சும்மாப் பாடுவாகளா? ஒங்க ஆத்தா ஒனக்குச் சொல்லித் தரலையா?”

கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. வீட்டுக்கு வெளியே, ஊர் எல்லை தாண்டி, கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் வைத்துப் பாடினாள். பாடி முடித்துக் கண்மாயில் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தாள். டேப் ரெக்கார்டரையும் முக்கி எடுக்கச் சொன்னாள். மாணவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அன்று நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். செத்துப்போன அண்ணனைப் பார்த்துப் பாடுவதுபோல் இருந்தது பாட்டு. ஆனால் சீர் வரிசையில் குறை வைத்த அண்ணி, பங்கை அமுக்கிய தம்பி, தண்ணீர் மறித்த பக்கத்து வயல்காரர் என்று ஒருவரும் தப்பவில்லை. யார் பெயரும் வரவில்லை, ஊருக்கே புரிந்தது. எழவு வீட்டில் முறைப்படி அழுகிறவளை யார் தடுக்க முடியும்? வழக்குப் போட முடியாதபடி ஒருவரைத் திட்டுவது எப்படி என்று இதழியல் வகுப்புகளில் சொல்லித் தருவார்களா, தெரியவில்லை. இத்தனை ஆண்டு பத்தி எழுதியும் எனக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ்கூட வராததற்கு அந்தப் புளியமரத்தடி வகுப்புத்தான் காரணம்.

அம்மாச்சி வேறு பள்ளி. மதுரையில் தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீடு. இளவயதிலேயே தாத்தா போய்விட்டார். பூத் தொடுத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தாள். கையில் நாலு காசு மீந்தால் சினிமா. ‘சிந்தாமணி’ படம் 1937-ல் ஓடிய ஓட்டத்தின் லாபத்தில் எழும்பியதாகச் சொல்லப்படும் சிந்தாமணி டாக்கீஸ் அவளுக்குப் பழக்கம். 1952-ல் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டர் இன்னும் பழக்கம். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் மார்தட்டிய கொட்டகை அது. இப்போது இரண்டு இடத்திலும் ஜவுளிக்கடை. அன்றைக்கு அம்மாச்சி ‘சேலை எடுக்கப் போறேன்’ என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் படம் பார்க்கப் போவாள். இருந்திருந்தால் இன்றைக்கு அதே வார்த்தையைப் பொய் இல்லாமல் சொல்லலாம்.

அவள் பார்த்த படத்தை மறுநாள் சந்தே பார்க்கும். உதிரி மல்லிகை கூடையில் வந்து இறங்கியதும் ஏழெட்டுப் பெண்கள் திண்ணையில் கூடுவார்கள். மொட்டு வாய் திறப்பதற்குள் தொடுத்து முடித்துக் கடைக்கு அனுப்பியாக வேண்டும். கதையும் அதற்குள் முடிந்தாக வேண்டும். மூன்று மணி நேரப் படத்தை அம்மாச்சி அந்த அவகாசத்துக்குள் அடைப்பாள். நகைச்சுவைக் காட்சி போகும். “இந்த எடத்துல ஒரு பாட்டு” என்ற நாலு வார்த்தையில் ஐந்து நிமிஷம் போகும். வில்லனுக்கு முன்கதை இருந்தால் அது அடியோடு போகும்: “கெட்டவன். அவ்வளவுதான்.” கத்தி ஓங்குகிற இடத்தில் சொல்லி வைத்தாற்போல் வாழைநார் காய்ந்துபோகும். “யாராச்சும் தண்ணி தெளிங்கடி” என்பாள். ஒருத்தி எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவரும் வரைக்கும் கத்தி ஓங்கியபடியே நிற்கும்.

முடிவு பிடிக்கவில்லை என்றால் மாற்றிவிடுவாள். அவள் வாயில் எந்தக் கதாநாயகியும் செத்ததில்லை. பிறகு அந்தப் படத்தைப் போய்ப் பார்த்த பெண்கள், படத்தில் தப்பு இருப்பதாகத்தான் வந்து சொன்னார்கள்.

சென்னையில் இப்போது திரைக்கதைப் பயிலரங்குகள் நடக்கின்றன. என்னையும் பேசக் கூப்பிடுவார்கள். குளிரூட்டிய அறை, திரையில் படங்கள். தேவையற்றதை வெட்டுவது, பதற்றத்தை எங்கே நிறுத்தி வைப்பது, கெடுவுக்குள் எழுதி முடிப்பது என்று மூன்று மணி நேரம் பேசுவேன். ஹாலிவுட் ஆசிரியர்கள் இருவர் பெயரை நடுவில் போட்டுக்கொள்வேன். சொல்வதில் முக்கால்வாசி தெற்கு மாசி வீதிச் சரக்கு. அம்மாச்சி பெயரைச் சொல்லலாம்தான். சொன்னால் அடுத்த முறை பயணப்படியோடு நிறுத்திக்கொள்வார்களோ என்ற தயக்கம்.

இரண்டு சம்பந்திகளுக்கும் ஒருவரையொருவர் ஆகாது. “ஒங்க அம்மாச்சி கதையில வேர்வையே இருக்காதுடா அப்பு. எல்லாம் பவுடர் வாசம்” என்பாள் அப்பத்தா. “உங்க அப்பத்தா கதை முடியிறதுக்குள்ள கேக்குறவனுக்கு நரைச்சிரும்” என்பாள் அம்மாச்சி. பின்னாளில் சிறுபத்திரிகைக்காரர்களும் வெகுஜனப் பத்திரிகைக்காரர்களும் இதே இரண்டு வாக்கியங்களைத்தான் ஆண்டுக்கணக்காக ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டார்கள். பக்கம் மட்டும் அதிகம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சண்டையில் கடைசிவரை கட்சி சேரத் தெரியவில்லை. இரண்டு வீட்டிலும் சாப்பிட்டவன்.

இதையெல்லாம் மதுரையில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டில் பேசினேன். குரல் தழுதழுத்தது, அது தானாக வந்ததுதான், ஆனால் வந்த இடம் பொருத்தமாக இருந்தது. கூட்டம் தட்டியது. ‘பாட்டிகளின் பேரன்’ என்று வரவேற்புரைக்காரர் பட்டமே கொடுத்துவிட்டார். முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கலைந்தபின் பக்கத்தில் வந்தாள்.

“நல்லாத்தாண்டா பேசுன. கதை உனக்கு, கால் எனக்கு.”

கணக்கு சரிதான். நான் அப்பத்தாவின் மடியில் தலை வைத்து ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்த ராத்திரிகளில் மறுமுனையில் அக்கா அவள் காலை அமுக்கிக்கொண்டிருந்தாள். அரிக்கேன் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்ததும் அவள்தான். மதுரையில் நான் திண்ணையில் குந்திப் படக்கதை கேட்டபோது, அவள் மொட்டு வேறு மலர் வேறாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். முறுக்கு உடைந்தால் முழுசு எனக்கு, நொறுங்கல் அவளுக்கு. “ஆம்பளப் புள்ள, படிக்கிற புள்ள” என்று இரண்டு கிழவிகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். பாக்கெட்டின் மேல் அச்சடிக்கிற பாட்டிகளுக்கு இப்படிப்பட்ட வழக்கமெல்லாம் இருப்பதில்லை.

ஆனால் அக்கா சொன்னது முறையீடு அல்ல என்று சாப்பாட்டு மேசையில்தான் தெரிந்தது. “நீ தூங்குனதுக்கு அப்புறம்தான கதையே ஆரம்பிக்கும்” என்றாள். கால் அமுக்குகிறவள் கடைசிவரை விழித்திருக்க வேண்டும் அல்லவா? பேரன் தூங்கியபின், பேத்திக்கென்று தனிக் கதைகள் இருந்திருக்கின்றன. முனி, பாம்பு, ராசா எதுவும் இல்லாதவை. தலைப்பைப் போல ஒவ்வொரு வரி மட்டும் சொன்னாள். ஊர்க் கிணறு எந்த வருஷம் யாருக்காக மூடப்பட்டது. பெரியப்பாவின் முதல் மனைவி பெயரை வீட்டில் ஏன் சொல்வதில்லை. அப்பத்தா மிளகாய் விற்ற காசைத் தாத்தா கண்ணில் படாமல் எங்கே வைத்திருந்தாள், எதற்காக. எல்லாப் படத்துக்கும் முடிவை மாற்றிய அம்மாச்சி, மாற்ற முடியாமல் விட்ட ஒன்று எது.

இத்தனை புத்தகம் எழுதியிருக்கிறேன். அவ்வளவும் சின்னப் பையனுக்கென்று வடிகட்டித் தந்த பகுதியிலிருந்து வந்தவை. படைப்பாளி இறந்து 60 ஆண்டுவரை உரிமை வாரிசுகளுக்கு என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். அப்பத்தா போய் அவ்வளவு காலம் ஆகவில்லை. சித்தப்பா பிள்ளைகள் யாராவது பங்கு கேட்டு வருவார்களோ என்று விளையாட்டாய் நினைத்ததுண்டு. அச்சுக்கே போகாத பாதி ஒன்று இருக்கும் என்றும், அதன் மேல் அக்கா உட்கார்ந்திருப்பாள் என்றும் நினைத்ததில்லை.

“முழுசாச் சொல்லேன்” என்றேன்.

“சொன்னா எழுதிருவ.”

“எழுத மாட்டேன்.”

“ம்” என்றாள். அது எந்த ‘ம்’ என்று எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே இறங்கி வந்தாள். இரண்டு முழங்காலும் வலிக்கிறதாம். பெண்ணுக்கு ஆபீஸ், பேத்திக்கு டியூஷன், அமுக்கிவிட ஆள் இல்லையாம். “ஒரு மாசம் வந்து இரு. தினம் ராத்திரி கால் அமுக்கு. தூங்காம இருந்தீன்னா பாக்கலாம்.”

பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன். இப்போதைக்குக் காத்திருப்போர் பட்டியல்தான்.